ஏழாம் பதிப்பும் ஒரு பரவாயில்லையும்

வெர்லின் டெஷ் செய்த ஒரே குற்றம், ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்பியதுதான்.

ஷெபாய்கன் நகராட்சிக்காக இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதர் அவர். நிலவறையில் இறங்கி, சிலந்தி வலையை விலக்கி, டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு, குரைத்த நாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே ஏறி வருகிற ரகம். படிவம் என்றால் அவருக்குத் தனி மரியாதை. ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டார். கீழே பெயரும் ஊரும் எழுதாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

படிவத்தை அனுப்பியது ‘சாம்பல் கோபுரம்’ விளையாட்டை வெளியிடும் கம்பெனி. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம், பென்சில், பகடையோடு ஆடுகிற கதை விளையாட்டு அது. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஆகி, ‘கதவை உடைக்கிறேன்’ என்பார்கள், ‘ஓடிப்போகிறேன்’ என்பார்கள். உடைந்ததா, ஓட முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். இதற்கு முந்நூறு பக்கத்தில் விதிப் புத்தகம் உண்டு. ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி அதைத் திருத்திப் புதுப் பதிப்பு போடும். போட்ட அன்றைக்கே எல்லோரும் ஆடுவதை நிறுத்திவிட்டுச் சண்டையைத் தொடங்குவார்கள். சண்டை ஓய்ந்து பகடையைத் தேடி எடுக்கிற நேரத்தில் அடுத்த பதிப்பு வந்துவிடும்.

இந்த முறை ஏழாம் பதிப்பு. படித்தவர்களின் கருத்தைக் கம்பெனி கேட்டிருந்தது. ஐந்து கட்டங்கள். ஆனந்தக் கண்ணீர் விட்டேன். மகிழ்ந்தேன். பரவாயில்லை. துரோகம். வழக்குத் தொடுப்பேன்.

கூட ஆடுகிற டூ வாங் என்ற நண்பன் வாங்கிய புதுப் புத்தகத்தை வெர்லின் ஒரு சாயங்காலம் சோபாவில் சாய்ந்தபடி புரட்டினார். மூன்றாவது கட்டத்தில் குறியிட்டார். ‘வேறு கருத்துகள்’ என்ற இடத்தில், ‘எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கிறது. மற்றபடி பரவாயில்லை. இப்படிக்கு, வெர்லின் டெஷ், ஷெபாய்கன், விஸ்கான்சின்’ என்று எழுதி அனுப்பிவிட்டு உருளைக்கிழங்கு வேகவைக்கப் போனார்.

மூன்று வாரத்தில் முடிவு வெளியானது. பதில் அனுப்பியவர்கள் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றாறு பேர். ஆனந்தக் கண்ணீர் இருபதாயிரத்து அறுநூற்றைம்பது. வழக்கு இருபதாயிரத்து அறுநூற்றைம்பத்தைந்து. மகிழ்ச்சியும் துரோகமும் ஆளே இல்லாமல் கிடந்தன. நடுக் கட்டத்தில் மட்டும், பல் விழுந்த வாயில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பல் போல, ஒன்று.

கம்பெனி ரொம்ப நேர்மையானது. கருத்துகளையும் கையெழுத்தோடு அப்படியே வெளியிட்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வழக்குக்காரர்கள் அவரைக் கம்பெனியின் கைக்கூலி என்றார்கள். கண்ணீர்க்காரர்கள் வழக்குக்காரர்களின் உளவாளி என்றார்கள். டெக்ஸஸிலிருந்து ஒருவர், உமக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். கேள்வி என்று வந்துவிட்டதால் வெர்லின் அதற்கும் பதில் போட்டார். இதயம்தான், போன வருடம் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், இப்போது நன்றாக ஓடுகிறது.

பிறகு ஒரு தடித்த உறை வந்தது. மிச்சிகன் ஏரிக்கரை வட்ட ஆட்டக்காரர்களின் ஆண்டுப் பேரவை அவரை ஒரு ‘நட்பார்ந்த கலந்துரையாடலுக்கு’ அழைத்திருந்தது. இடம் ஊரிலேயே, ஏரியைப் பார்த்த ஹோட்டல். நாள் மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணி.

சனிக்கிழமை என்பதுதான் உதைத்தது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு நூலகத்தின் பின்னறையில் ஆட்டம். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். கதை சொல்வது மார்லிஸ் ஓபர்டார்ஃப், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற எழுபத்தோரு வயது அம்மாள். ஆடுவது வெர்லின், பள்ளியில் தச்சுவேலை சொல்லிக்கொடுக்கும் டூ வாங், முக்கால்வாசி நேரம் தூங்கும் கார்வின். வெர்லினின் ஆள் போல்டோ என்ற கோவேறு கழுதைக்காரன். மற்றவர்கள் வாளைத் தூக்கும்போது இவன் மூட்டையைத் தூக்குவான். பத்தொன்பது வருடமாக அந்தச் சாம்பல் கோபுரத்தில் ஏறி, இப்போதுதான் கடைசி மாடிக்கு வந்திருந்தார்கள்.

அதுவும் கடைசிச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை மார்லிஸ் வீட்டைக் காலிசெய்துகொண்டு தெற்கே, பாலைவன மாநிலமான அரிஸோனாவில் மகளிடம் போகிறார். முழங்கால் இனிமேல் பனியைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி போன பிறகு வெர்லின் ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சில் பாதிக்கு மேல் அந்தப் பின்னறையில் பேசுவதுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய இடமும் அந்தப் பின்னறைதான் என்பதால் சொல்லத் தோன்றவில்லை.

போகவேண்டாம் என்றான் டூ வாங். கூப்பிட்டிருக்கிறார்களே, பதில் சொல்லாமல் எப்படி இருப்பது என்றார் வெர்லின்.

“போயிட்டு வா,” என்றார் மார்லிஸ். “ஆனா ரெண்டு மணிக்கு நீ நாற்காலில இருக்கணும். இல்லன்னா உன் கழுதைய கொன்னுடுவேன்.”

சனிக்கிழமை காலை, ஹோட்டல் அரங்கின் வாசலில் கைபேசிகளை வாங்கி ஒரு மீன் கூடையில் போட்டுக்கொண்டார்கள். பேரவையின் ரகசியங்கள் வெளியே கசியக்கூடாதாம். அப்புறம் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை. அதில் பெயர், கீழே ‘என் பதிப்பு’ என்று ஒரு கோடு. வெர்லின் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். அட்டை கொடுத்த பெண் அவரை அனுதாபத்தோடு பார்த்து, உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினாள்.

அரங்கில் நாற்காலிகள் இரண்டு பகுதியாக இருந்தன. இடப்பக்கம் ஆறாம் பதிப்புக் காவலர்கள், வலப்பக்கம் ஏழாம் பதிப்பு அன்பர்கள். அவருக்கு எந்தப் பக்கமும் இடமில்லை. நடுவில் நடைபாதையில் ஒற்றை நாற்காலி போட்டிருந்தது. தேநீர்த் தள்ளுவண்டி வரும்போதெல்லாம் எழுந்து வழிவிட்டார்.

பேரவைத் தலைவர் டாக்டர் தாடியஸ் க்ரூன்வால்ட், ஆஷ்காஷ் ஊர்ப் பல் வைத்தியர். மரச் சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார். உடனே ஒருவர் எழுந்து, கூட்டம் எந்த விதியின்படி நடக்கிறது என்று கேட்டார். பேரவையின் விதித்தொகுப்புக்கும் பதிப்புகள் உண்டு. மூன்றாம் பதிப்பின்படி முதலில் வரவேற்புரை. நான்காம் பதிப்பின்படி முதலில் வாக்கெடுப்பு. எந்தப் பதிப்பு என்று வாக்கெடுக்கலாம் என்றார் ஒருவர். வாக்கெடுப்பு முதலில் வந்தால் அது நான்காம் பதிப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்றார் இன்னொருவர். இது முடிய ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. கடைசியில் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினார்கள். டாக்டர் வரவேற்றுக்கொண்டே இருக்க, மக்கள் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு டாக்டர் பேசினார்.

“நான் ஏழாம் பதிப்ப படிக்கல. படிக்கவும் மாட்டேன். படிச்சா என் நடுநிலை போயிடும். படிக்காமலே இருநூத்திப் பன்னெண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதியிருக்கேன். எப்படித் தெரியும் உனக்குன்னு கேப்பாங்க. வலிக்குதுல்ல? வலிக்கிற பல்ல பாக்க எனக்குப் படம் எடுக்கணும்னு அவசியமில்ல. இந்த விளையாட்டோட ஆன்மா ஆறாம் பதிப்போட செத்துப்போச்சு.”

இடப்பக்கம் கைதட்டல் இடிந்தது. வெர்லினுக்கு மட்டும் இந்தப் பேச்சை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்ததும் ஞாபகம் வந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள இவரிடம் போயிருந்தார். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு டாக்டர் இதே பேச்சைத்தான் பேசினார். அப்போது செத்துப்போனது ஐந்தாம் பதிப்போடு. கொன்றது ஆறாம் பதிப்பு.

அடுத்து கம்பெனியின் சார்பில் பெய்ஜ் லிண்ட்க்விஸ்ட் வந்தாள். ரசிகர் மகிழ்ச்சித் துறையின் இயக்குநர். பேசும்போது உள்ளங்கை இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொள்வாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

“நாங்க கேக்கறோம்,” என்றாள். “காலையில கேக்கறோம், சாயங்காலம் கேக்கறோம். மாத்தாதீங்கன்னு இருபதாயிரம் பேர் சொன்னீங்க. மாத்துங்கன்னு இருபதாயிரம் பேர் சொன்னீங்க. ரெண்டு பேரையும் மதிச்சு, மாத்தவேண்டியத விட்டுட்டு, மாத்தக்கூடாதத மாத்தினோம். நீங்க கோவப்படறப்ப எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கோவப்படறவர் ரெண்டு புத்தகம் வாங்கறார். ஒண்ணு எரிக்க, ஒண்ணு எதுக்கு எரிச்சோம்னு எடுத்துக்காட்ட. அழறவர் மூணு வாங்கறார். எங்களுக்குத் தூக்கம் வராம பண்ணினது ஒரே ஒருத்தர்.”

நூற்றுக்கணக்கான கண்கள் நடைபாதைக்குத் திரும்பின. வெர்லின் தேநீர்த் தள்ளுவண்டிக்கு வழிவிட எழுந்திருந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“பரவாயில்லைங்கறவர் ஒரே புத்தகத்த வச்சுக்கிட்டு இருவது வருஷம் ஓட்டிடுவார்,” என்றாள் பெய்ஜ், குரல் கம்ம. “அவரோட மனசக் காயப்படுத்தத்தான் எட்டாம் பதிப்புல ராப்பகலா உழைக்கிறோம்.”

எட்டாம் பதிப்பு என்ற சொல் அரங்கக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்தது. ஏழாம் பதிப்பு வந்து பதினொரு வாரம்தான் ஆகியிருந்தது. வலப்பக்கத்தில் ஆனந்தக் கண்ணீர் விட்டவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர், நடுங்கும் குரலில், இந்த விளையாட்டின் ஆன்மா ஏழாம் பதிப்போடு செத்துப்போயிற்று என்றார். அரை மணிக்குள் ஏழாம் பதிப்புக் காவலர் கழகம் உருவாகி, பொருளாளர் தேர்தலில் இரண்டாக உடைந்தது.

மணி பன்னிரண்டே முக்கால். இனி நம்மை மறந்துவிடுவார்கள் என்று வெர்லின் நம்பினார். மறக்கவில்லை. மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

பரவாயில்லை என்று எழுதினீர்களே, அதன் பொருள் என்ன என்று டாக்டர் கேட்டார். பரவாயில்லை என்பதுதான் என்றார் வெர்லின். அதற்குள் அடக்கிவைத்த ஆத்திரம் ஏதாவது உண்டா? இல்லை. அடக்கிவைத்த ஆனந்தம்? இல்லை. அப்படியானால் வீட்டில் எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள்?

வெர்லின் யோசித்தார். மார்லிஸின் புத்தகத்துக்கு மேசைவிரிப்புத் துணியில் உறை போட்டிருந்தது. முதல் பக்கங்கள் காணாமல் போய் வருடக்கணக்கு ஆயிற்று. “தெரியலைங்க,” என்றார். “பச்சைக் கட்டம் போட்டது.”

அரங்கில் யாரோ ஒரு அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றரைக்கு வெர்லின் கையைத் தூக்கி, தனக்கு இரண்டு மணிக்கு ஒரு வேலை இருக்கிறது என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். கலந்துரையாடலுக்கு உட்பட்டவர் முடிவு தெரியுமுன் வெளியேறக்கூடாது என்று மூன்றாம் பதிப்பும் நான்காம் பதிப்பும் ஒரே குரலில் சொல்வதாகப் படித்துக் காட்டினார்கள். இரண்டு பதிப்பும் ஒத்துப்போகிற ஒரே இடம் அதுதான். வாசலில் அட்டை கொடுத்த பெண் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சரி, ஒரு பக்கம் சாய்ந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். ஏழாம் பதிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை என்றார். இடப்பக்கம் ஆர்ப்பரித்தது. மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்று வலப்பக்கம் கத்தியது. பிடித்திருக்கிறது என்று திருப்பிச் சொன்னார். அதையும் மிரட்டி வாங்கியதாக இடப்பக்கம் கத்தியது. சுவர்க் கடிகாரம் இரண்டைக் காட்டியது. நூலகத்தில் மார்லிஸ் பகடையை டப்பாவிலிருந்து கொட்டுகிற நேரம். ஒரு நிமிடம்கூட முந்தமாட்டார், பிந்தமாட்டார். பேருந்து ஓட்டியவர்.

இரண்டேகாலுக்கு ஒரு குண்டு விழுந்தது. டாக்டர் க்ரூன்வால்ட் ஏழாம் பதிப்பில் மூன்று பிரதி வாங்கியிருக்கிறார் என்று யாரோ ரசீதோடு எழுந்தார். மற்றவர்கள் படித்துவிடாமல் இருக்கத்தான் வாங்கினேன் என்றார் டாக்டர். மதிப்புக்குரிய விளக்கம்தான், ஆனாலும் அவர் பதவி விலகவேண்டியதாயிற்று. புதுத் தலைவர் எந்தப் பக்கமும் சாராதவராக இருக்கவேண்டும். அரங்கம் முழுக்கத் தேடினார்கள். அட்டையில் பதிப்பு எழுதாதவர் ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

வெர்லின் கையில் சுத்தியலைத் திணித்தபோது அவர் மனதில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. தலைவர் என்றால் கூட்டத்தை முடித்துவைக்கலாமே. தட்டினார். “கூட்டம் முடிஞ்சுதுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்,” என்றார்.

செயலாளர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். நண்பர்களாகப் பிரியவேண்டும் என்பதற்காக முன்னோர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறினால்தான் கூட்டம் முடியும். தலைவரின் வாக்கும் அதில் சேர்த்தி. அதுவரை தலைவர் வாசலைத் தாண்டக்கூடாது. கவலைப்பட ஒன்றுமில்லை, முப்பத்தொரு வருடமாகச் சமையல்காரருக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தோடு முடித்துவிடுகிறார்கள். இந்த ஹோட்டலின் பீர் சீஸ் சூப் அப்படிப்பட்டது.

வெர்லின் உடனே சமையல்காரருக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தை முன்மொழிந்தார். அரங்கம் சங்கடமாக நெளிந்தது. சூப்பின் மேல் எப்போதும் மிதக்கும் பாப்கார்னை ஹோட்டல் இந்த வருடம் நிறுத்திவிட்டு, வறுத்த வெங்காயம் போட்டிருந்தது.

சூப்பைப் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள். பாப்கார்ன் இல்லாத சூப்பைக் குடிக்கமாட்டேன் என்று டாக்டர் சபதம் செய்தார். அவர் இரண்டு கிண்ணம் குடித்ததைத் தள்ளுவண்டிக்காரர் பார்த்திருந்தார்.

நாலரை மணிக்குக் கதவருகே சத்தம். வாசற்பெண் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் பதிப்பு எழுதாமல் உள்ளே விடமுடியாது என்றாள். பழக்கப்பட்ட ஒரு குரல், நாற்பது பிள்ளைகள் கத்தும் பேருந்தின் கடைசி இருக்கைவரை எட்டிப் பழகிய குரல், “நான் உள்ள வரேன்னு யாரும்மா சொன்னா?” என்று கேட்டது. “அவன வெளிய அனுப்பு.”

வெர்லின் மேடையிலிருந்து இறங்கிக் கதவுக்கு ஓடினார். மார்லிஸ் நின்றிருந்தார். தோளில், புத்தகமும் பகடையும் வைக்கும் பழைய பௌலிங் பந்துப் பை. பின்னால் டூ வாங், அவனுக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தோடு கார்வின். வெர்லின் சுத்தியலைக் காட்டி நடந்ததைச் சொன்னார்.

“யோவ், உன்ன மீட்டர் பாக்கவே தனியா அனுப்பக்கூடாது,” என்றான் டூ வாங்.

மார்லிஸ் வாசலைப் பார்த்தார். தலைவர் தாண்டக்கூடாது, சரி. அவர்கள் நுழையக்கூடாது, சரி. தாழ்வாரத்தில் பூச்சாடி வைத்திருந்த மேசையை டூ வாங்கும் கார்வினும் தூக்கி வந்து, வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் போட்டார்கள். வாசற்பெண் விதித்தொகுப்பைப் புரட்டினாள். மேசையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

வெர்லின் உட்பக்கம் உட்கார்ந்தார். ஒரு கையில் பகடை, ஒரு கையில் சுத்தியல். பின்னால் யாராவது எழுந்து ஒழுங்குப் பிரச்சினை என்றால் திரும்பிப் பார்க்காமல் ஒரு தட்டுத் தட்டி, “உக்காருங்க” என்பார். அது நன்றாகவே வேலைசெய்தது.

கோபுரத்தின் கடைசி மாடிக்கு முன்னால் படிக்கட்டு இடிந்து கிடந்தது. என்ன செய்கிறாய் என்று மார்லிஸ் கேட்டார். கழுதையின் சேணக் கயிற்றை எல்லாம் முடிந்து ஏணி செய்கிறேன் என்றார் வெர்லின். பகடை உருண்டு நாலு விழுந்தது. ஏழு வேண்டும்.

“நல்ல யோசனை,” என்றார் மார்லிஸ். “மூணு கூட்டிக்கோ.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாகத் திரும்பினார். நல்ல யோசனைக்கு மூன்று என்பது எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கேட்டார்.

“எதுலயும் இல்ல,” என்றார் மார்லிஸ். “நானா வச்சது. கார்வின் தூங்கறப்ப அவன் ஆள யாரும் அடிக்கக் கூடாதுன்னு ஒண்ணு வச்சிருக்கேன். அதுவும் இல்ல.”

செய்தி வரிசை வரிசையாக முன்னால் போனது. சூப் விவாதம் நின்றது. ஆறாம் பதிப்புக்காரர்கள் எழுந்தார்கள், ஏழாம் பதிப்புக்காரர்கள் எழுந்தார்கள், உடைந்துபோன கழகத்தின் இரண்டு பாதிகளும் எழுந்தன. எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரியான வேதனை. அப்படியென்றால் புத்தகம் எதற்கு என்று யாரோ கேட்டார். மார்லிஸ் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். நடுவில் நாற்பது பக்கம்தான் மிச்சமிருந்தது. அதைக் குளிர்பானக் குவளைக்கு அடியில் வைக்கப் பயன்படுத்தியிருந்தார்.

டாக்டர் க்ரூன்வால்ட் ஓடிவந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மத்தியானம் அவரை ரசீதோடு துரத்திய மனிதரின் தோளில் கை போட்டிருந்தார். தீர்மானம் அப்போதே எழுதப்பட்டது. வாசலில் அமர்ந்திருக்கும் அம்மையார் ஆடுவது சாம்பல் கோபுரம் அல்ல, எந்தப் பதிப்பின்படியும் அது ஆட்டமே அல்ல. கைகள் எழுந்தன. செயலாளர் எண்ணினார். நூற்று அறுபத்து மூன்று. எதிர்ப்பு இல்லை. முப்பத்தொரு வருடத்தில் சூப்பைத் தவிர வேறெதற்கும் இந்தப் பேரவை இப்படி ஒன்றுபட்டதில்லை. சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இனி மிச்சம் தலைவரின் கை மட்டும்.

“தூக்குங்க டெஷ்,” என்றார் டாக்டர் கனிவாக, வாயைத் திறக்கச் சொல்கிற அதே குரலில். “ஒரே நொடி. எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்.”

“தூக்குப்பா கைய,” என்றார் மார்லிஸ். “என்னைய தப்புன்னு எத்தன பேரோ சொல்லியாச்சு. ரெண்டு புருஷன், ஒரு ஸ்கூல் போர்டு. இன்னும் நூத்தி அறுவது பேரால எனக்கு என்ன வந்துடப்போகுது? நாம போயி குஷன் நாற்காலில உக்காந்து ஆடலாம்.”

வெர்லின் கையைப் பார்த்தார். வாழ்க்கையில் அந்தக் கை எதற்கும் முரண்டு பிடித்ததில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் போடும், கும்பலோடு தூக்கச் சொன்னால் தூக்கும். இன்றைக்குத் தூக்கினால் ஐந்து நிமிடத்தில் வெளியே போகலாம். நூலகம் ஆறுவரை திறந்திருக்கும். கதவு ஓரடி தூரத்தில் இருந்தது. கை மேசைமேல் இருந்தது.

“தூக்க மாட்டேன்,” என்றார்.

கேட்கவில்லை என்றார்கள் பின்னாலிருந்து. அவர் எழுந்து நின்றார்.

“இவங்க ஆடறதுதாங்க ஆட்டம். பத்தொம்பது வருஷமா ஆடறேன், எனக்குத் தெரியும். காலையிலேருந்து நீங்க பண்றது வேற என்னமோ. அது என்னன்னு எனக்குப் பேர் தெரியல.” கொஞ்சம் நிறுத்தி, தனக்கே ஆச்சரியமாக, இன்னொன்றும் சொன்னார். “அது நல்லாவும் இல்ல.”

எதிர்த்து ஒன்று என்று செயலாளர் எழுதிக்கொண்டார். கட்டிப்பிடித்தவர்கள் கையை எடுத்தார்கள். டாக்டர், ரசீதுக்காரரின் தோளைத் தட்டிவிட்டுத் தன் பக்கத்துக்கு நடந்தார். தீர்மானத்தில் ‘ஆட்டமே’ என்றிருப்பது ‘ஆட்டம்’ என்றிருந்திருந்தால் நிறைவேறியிருக்கும் என்று ஒருவர் எழுந்தார். விவாதம் மறுபடி சூடு பிடித்தது.

“முட்டாளாப்பா நீ,” என்றார் மார்லிஸ், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தபடி. “ராத்திரி முழுக்க இங்கயே கெடப்ப.”

“கெடக்கறேன்.”

“சூப்புல பாப்கார்ன்கூட இல்லையாமே.”

மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. மார்லிஸின் மகன் வண்டியில் சாமான் ஏற்ற ஆறு மணிக்கு வருகிறான். கடைசி மாடியில் சாம்பல் ராஜாவோடு நடக்கவேண்டிய சண்டைக்கு மார்லிஸ் ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தார். குறைந்தது ஐந்து மணி நேரம் பிடிக்கும். அந்த ஏழு பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் போட்டார்.

“கதவத் தெறந்தீங்க. ராஜா செத்துக் கெடக்கறான்,” என்றார். “வயசாயிடுச்சு அவனுக்கு. நீங்க முதல் மாடி ஏறறப்பவே படுத்த படுக்கை.”

“பாவம்,” என்றார் கார்வின், முழித்திருந்தார்.

“ஆக முடிஞ்சுது. இனிமே அவங்கவங்க எங்க போறீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

டூ வாங்கின் வாள்வீரன் ஒரு மரக்கடை வைப்பதாகச் சொன்னான். கார்வினின் மந்திரவாதி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெர்லின் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“போல்டோ தெற்க போறான்,” என்றார். “கழுதைய ஓட்டிக்கிட்டு. அங்க ஒரு பாலைவனம் இருக்காம்.”

“அங்க என்ன இருக்கு அவனுக்கு?”

“தெரிஞ்சவங்க ஒருத்தங்க அந்தப் பக்கம் போயிருக்காங்கன்னு கேள்வி.”

மார்லிஸ் பென்சிலை எடுத்தார், கூர் உடைந்திருந்தது, வேறு பென்சில் எடுத்தார்.

“வெயில் கழுதைக்கு ஒத்துக்குமா?”

“கேட்டேன். அது ஒண்ணும் சொல்லல.”

அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. “தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை. ஏழாம் பதிப்புல பாலைவனமே கெடையாது. எடுத்துட்டாங்க.”

மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, கோபுரத்துக்குத் தெற்கே ஒரு வழி போட்டார். காகிதம் முடிந்தது. இன்னொரு காகிதத்தை எடுத்து ஒட்டவைத்து, கோட்டைத் தொடர்ந்தார்.

“என்கிட்ட இருக்கு,” என்றார். “ஆறு நாள் நடக்கணும். தண்ணி நெறைய எடுத்துக்க.”